தோற்றவர்கள் கேட்டால் மறு ஆட்டம்

விசில் ஊதுவதற்கு முன்னால் டீச்சர் ஒரு மூச்சு இழுப்பார். அந்த மூச்சுச் சத்தத்திலேயே எங்களுக்குப் பாதி உயிர் போய்விடும். யார் என்ன தப்பு செய்தோம் என்று ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்து முழிப்போம். அப்புறம்தான் விசில் வரும். அப்புறம் அந்தக் கை நீளும். எந்தப் பக்கம் நீளுகிறதோ அந்தப் பக்கத்துக்குப் பாயின்ட். அதற்கு மேல் பேச்சு கிடையாது. பேசினால் இன்னொரு விசில்.

அயனம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் குடியிருப்பில், மாலை ஆறு மணிக்கு எறிபந்து ஆடும் பெண்களில் அவரிடம் திட்டு வாங்காதவள் என்று ஒருத்திகூடக் கிடையாது. நான் கொஞ்சம் அதிகமாகவே வாங்கியிருக்கிறேன். எதிர் வீட்டுக்காரி என்ற சலுகையெல்லாம் மைதானத்தில் செல்லாது. காலையில் என் வீட்டிலிருந்து தோசைமாவு வாங்கிக்கொண்டு போன அதே கை, மாலையில் எனக்கு எதிராக நீளும். ஒருமுறை நான் கோட்டை மிதித்தேன் என்று சொல்லிக் கடைசிப் பாயின்டைப் பறித்துவிட்டார். மிதிக்கவில்லை. இன்றைக்கும் சொல்கிறேன், மிதிக்கவில்லை. கொஞ்ச நாள் நான் அவரோடு பேசவே இல்லை. அவர் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை, மாவு வாங்க வழக்கம்போல வந்துகொண்டிருந்தார்.

பூந்தமல்லிக்காரர். அரசுப் பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் இறந்த பிறகு, கூட்டுக் குடும்பத்தில் எல்லோருக்கும் பெரியம்மாவாக உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல், தன் பணத்தில் எங்கள் பிளாக்கில் ஒரு ஃபிளாட் வாங்கிக்கொண்டு தனியாக வந்துவிட்டார். சேலை, தலையில் முக்காடு, அது நழுவாமல் இருக்க இரண்டு ஹேர்பின், காலில் வெள்ளைக் கேன்வாஸ் ஷூ. கழுத்தில் ஷூ லேஸில் கோத்த விசில். கீரை வண்டிக்காரர் அந்த விசிலுக்குத்தான் நிற்பார். நான் பால்கனியிலிருந்து தொண்டை கிழியக் கத்தினாலும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்.

அவர் குடிவந்த புதிதில் குடியிருப்போர் சங்கத்து அம்மாள் ஒருவர் அவர் வீட்டுக்கு வந்து, காப்பி குடித்து, கிளம்பும்போது, "பரவாயில்லையே, நீங்க தமிழ் நல்லாப் பேசறீங்களே" என்று மெச்சிக்கொண்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. டீச்சர் அந்த அம்மாளை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தார்.

"நீயும் ஒண்ணும் மோசமில்லம்மா. சுமாரா பேசற" என்றார்.

அவ்வளவுதான் டீச்சர். அவரைப் பற்றி வேறெதுவும் சொல்லாமல் இத்தோடு நிறுத்திக்கொண்டாலும் போதும். ஆனால் கேட் விஷயத்தைச் சொல்லாவிட்டால் எனக்கு ஆறாது.

எங்கள் குடியிருப்பில் ஆண்டுதோறும் ஒற்றுமை விழா என்று ஒன்று நடக்கும். பல மாநிலத்துக்காரர்களும் பல மதத்துக்காரர்களும் ஒரே வளாகத்தில் வாழ்கிறோம் என்பதைக் கொண்டாட வேண்டுமாம். நல்ல விஷயம்தான், நான் குறை சொல்லவில்லை. கேரளத்து ஸ்டாலில் பாயசம், வங்காளத்து ஸ்டாலில் இனிப்பு, பஞ்சாப் ஸ்டாலில் தலைப்பாகை கட்டிவிட்டு போட்டோ. நான் பட்டாபிராமில் பிறந்து வளர்ந்தவள். பட்டாபிராமுக்கு ஒரு ஸ்டால் உண்டா, எங்கள் ஸ்டேஷன் வாசல் சுண்டலாவது போடுகிறேன் என்று கேட்டேன். ஜோக் அடிக்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார்கள்.

டீச்சரிடம் வந்து, நீங்கள் பிரியாணி ஸ்டால் போடுங்கள், மேடையில் ஜிகினா வைத்த உடை போட்டுக்கொண்டு வந்து ஒரு சலாம் வையுங்கள், அழகாக இருக்கும் என்றார்கள். டீச்சர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். தான் பிரியாணி செய்தால் அடிபிடித்துக்கொள்ளும், வேண்டுமானால் தன் தங்கையைக் கேட்டுப் பாருங்கள் என்றார். அந்த உடையைத் தன் வீட்டில் யாரும் எந்தக் காலத்திலும் போட்டதில்லை, சினிமாவில்தான் பார்த்திருக்கிறேன் என்றார். "எனக்குத் தெரிஞ்சது விசிலு. மேடையில வந்து அத்த வேணா ஊதட்டா?" என்று கேட்டார். வந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள்.

அவர்கள் போன பிறகு டீச்சர் நெடுநேரம் கடுகடுவென்று இருந்தார். எதற்கு இவ்வளவு கோபம், பாவம், உங்களையும் சேர்த்துக்கொள்ளத்தானே கேட்கிறார்கள் என்றேன். அப்போதுதான் அவர் பூந்தமல்லித் தெருவில் தான் ஆடிய ஆட்டத்தைப் பற்றிச் சொன்னார்.

அண்ணன்மார்களும் தெருப் பையன்களும் ஓடிப்பிடித்து ஆடுவார்களாம். இவர் சின்னப்பெண், நானும் வருவேன் என்று அழுவாராம். வீட்டில் திட்டு விழுமே என்று சேர்த்துக்கொள்வார்களாம், ஒப்புக்குச் சப்பாணியாக. இந்த ஏற்பாட்டை நம் ஊரில் தெருவில் ஆடிய எல்லோருக்கும் தெரியும். நீ ஓடலாம், கத்தலாம், சந்தோஷமாக இருக்கலாம். உன்னை யாரும் பிடிக்கமாட்டார்கள். பிடித்தாலும் நீ அவுட் கிடையாது. ஏனென்றால் நீ கணக்கிலேயே இல்லை. டீச்சர் கொஞ்ச நாள் அது தெரியாமல் ஓடியிருக்கிறார், நம்மை யாராலும் பிடிக்க முடியவில்லை என்று பெருமை வேறு. தெரிந்த அன்று நடுத்தெருவில் உட்கார்ந்துகொண்டு, என்னை அவுட்டாக்கினால்தான் எழுந்திருப்பேன் என்று அடம்பிடித்தாராம்.

"எங்க பெரிய அண்ணன் வந்து முதுகுல ஒண்ணு வச்சி, போடி அவுட்டுன்னான். அப்பதான் நானும் ஆட்டத்துல கீறேன்னு தெரிஞ்சிது" என்றார்.

அதிலிருந்து அவருடைய சட்டம் ஒன்றே ஒன்றுதான். வந்தால் ஆட்டத்துக்குள் வரவேண்டும். வயசானவள், புதுசு, பாவம், விருந்தாளி என்று எவளுக்கும் ஒரு பாயின்ட் தள்ளுபடி கிடையாது. நோன்பு மாதத்தில் தன் தொண்டை வறண்டு கிடந்தபோதுகூட விசில் சத்தம் குறைந்ததில்லை. பாங்கு கேட்டதும் ஒரு பேரீச்சம்பழம், நாலு வாய் தண்ணீர். தொழுதுவிட்டு வருவதற்குள் எவளாவது ஸ்கோரை மாற்றினால் தெரியும் சேதி என்று விரலை ஆட்டிவிட்டுப் போவார். இன்னொன்றும் சொல்லுவார். தோற்றவர்கள் கேட்டால் மறு ஆட்டம் கொடுத்தே ஆகவேண்டும். ஜெயித்தவர்கள் முடியாது என்று சொல்லக்கூடாது. அவரிடம் படித்த பிள்ளைகள் எல்லோரும் இதை வாழ்க்கைக்கான பாடம் என்று நினைத்துக்கொண்டிருக்கக்கூடும். அவருக்கு அது வெறும் ஆட்ட விதி.

மைதானத்தின் பின்சுவரில் ஒரு சின்ன கேட் இருக்கிறது. அதற்கு அந்தப் பக்கம் லைன் வீடுகள். ஒடிசாவிலிருந்து வந்து அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனிகளில் வேலை பார்க்கிற குடும்பங்கள் நிறைய, அயனம்பாக்கத்துப் பழைய ஊர்க்காரர்கள் கொஞ்சம். ஒருநாள் நான் எறிந்த பந்து சுவரைத் தாண்டிப் போய்விட்டது. போன வேகத்தில் திரும்பி வந்தது. சுவரைத் தாண்டி, வலையைத் தாண்டி, எங்கள் கேப்டன் சுமதியின் கையில் வந்து அறைந்தது. சுமதி கையை உதறிக்கொண்டு நின்றாள். டீச்சர் மூச்சு இழுத்தார். விசிலை ஊதவில்லை. நேராகப் போய்ச் சின்ன கேட்டைத் திறந்து, எறிந்தவளைக் கையைப் பிடித்து அழைத்து வந்துவிட்டார்.

அவள்தான் சபிதா. ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. மறுநாள் அவளோடு இன்னும் நாலைந்து பேர் வந்தார்கள். அவர்களில் பழைய ஊர்க்காரப் பெண் ஒருத்தி உள்ளே வந்ததும் சுற்றிமுற்றிப் பார்த்துவிட்டு, "எங்க கழனியிலதான் உங்க ஊடுல்லாம் கீது" என்று சிரித்தாள். டீச்சர் அவளையும் வரிசையில் நிறுத்தினார். பிறகு தினமும் ஆறு மணிக்குக் கேட் திறக்கும். எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு வந்து மறுபடி இப்படிக் குதிக்கிறாயே, உனக்கு அலுக்கவில்லையா என்று சபிதாவை ஒருநாள் கேட்டேன். அவளுக்குத் தமிழ் அப்போது ஓரளவுக்குத்தான் வரும். "அங்க கை மிஷினுக்கு அக்கா. இங்க கை எனக்கு" என்றாள். நான் அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை யாரிடமும் கேட்டதில்லை.

சங்கத்துக்கு இது பிடிக்கவில்லை. வெளியாட்கள், பாதுகாப்பு, நாம் மெயின்டனன்ஸ் கட்டுகிறோம், அவர்கள் கட்டவில்லை. தலைவர் நல்ல மனிதர், யாரையும் கடிந்து பேசமாட்டார். அவர் சுமதியின் கணவர் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பின்கேட்டை நிரந்தரமாகப் பூட்டிவிடலாம், ஒற்றுமை விழா அன்று மாலையே பொதுக்குழுவில் வைத்து முடித்துவிடலாம் என்று ஏற்பாடு. அதற்கு முன்னால் விழாவில் அந்தப் பெண்களையும் கௌரவப்படுத்தி அனுப்பலாம் என்று அவருக்கே தோன்றியிருக்கிறது. நமக்கும் அவர்களுக்கும் ஒரு நட்பு ஆட்டம், கோப்பை அவர்களுக்கு, மேடையில் எல்லோரும் கைகோத்து போட்டோ. அடுத்த வருஷமும் விழாவுக்குக் கூப்பிடுவோம் என்று டீச்சரிடமே சொன்னார். வருஷத்துக்கு ஒருநாள் மேடை, மற்ற நாளெல்லாம் பூட்டு. இதைச் சொல்லும்போது அந்த மனிதர் முகத்தில் எவ்வளவு திருப்தி தெரியுமா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டீச்சர் சரி என்றோ முடியாது என்றோ சொல்லவில்லை. ரெஃப்ரி யார் என்று மட்டும் கேட்டார். நீங்கள்தான் மேடம் என்றார் தலைவர்.

விழா அன்று மைதானம் முழுக்கத் தோரணம். சபிதாவும் அவள் ஆட்களும் கேட் வழியாக வந்தார்கள். பூட்டப்போகிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். காவலாளி சொல்லியிருக்கிறார். இருந்தும் தலைவாரி, பூ வைத்து, ஒரே நிறத்தில் துப்பட்டா கட்டிக்கொண்டு வந்தார்கள். சபிதா மட்டும் சிரிக்கவில்லை. கேட்டையே திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

ஆட்டம் தொடங்கியது. சுமதி சர்வீஸ் போட்டால் எதிர்ப்பக்கம் அதிரும், அப்படிப்பட்ட கை அவளுக்கு. அன்றைக்கு முதல் பந்து வலையில். அடுத்தது கோட்டுக்கு வெளியே. குழந்தைக்கு எறிந்த மாதிரி மெதுவாக வந்த பந்தைக்கூடக் கையிலிருந்து நழுவவிட்டாள். பக்கத்தில் நின்ற என்னிடம், வீட்டுக்காரர் விட்டுக்கொடுத்துவிடச் சொல்லியிருக்கிறார், நீயும் பார்த்து ஆடு என்று பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தாள். அந்தப் பக்கம் முதலில் கைதட்டினார்கள். இரண்டு பாயின்ட் போனதும் சபிதாவுக்குப் புரிந்துவிட்டது. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். எறியாமல் தரையில் உருட்டிவிட்டாள்.

டீச்சர் மூச்சு இழுத்தார்.

அவ்வளவு நீளமான விசிலை அந்த மைதானம் அதற்கு முன் கேட்டதில்லை. ஸ்டாலில் பாயசம் குடித்துக்கொண்டிருந்தவர்கள்கூட டம்ளரோடு திரும்பினார்கள். டீச்சர் ஸ்கோர் பலகையிடம் போனார், முந்தானையால் அழித்தார், இரண்டு பக்கமும் சைபர் போட்டார். தலைவர் மேடையிலிருந்து மைக்கில், மேடம், இது நட்புக்காகத்தான், அப்படியே போகட்டும் என்றார். டீச்சர் அவரைப் பார்க்கவே இல்லை. சுமதியிடம் வந்தார்.

"நட்புக்குன்னா டீ வாங்கிக் குடும்மா. இது ஆட்டம். வுட்டுக் குடுக்க அவங்க இன்னா ஒப்புக்குச் சப்பாணியா? முடிஞ்சா தோக்கடி. முடியலைன்னா ரோஷத்தோட தோத்துப் போ. ரெண்டும் ஆவாதுன்னா கோட்டுக்கு வெளிய போய் நில்லு, வேற ஆளு வரட்டும்."

கணவர் மேடையில், ஊரே சுற்றி நிற்கிறது, சுமதிக்கு முகம் செக்கச்சிவந்துவிட்டது. அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். அவள் கூந்தலை அவிழ்த்து இழுத்துக் கொண்டை போட்டாள். பந்தை எடுத்தாள். அந்த சர்வீஸைப் பிடிக்கப் போன பெண் பந்தோடு சேர்ந்து பின்னால் உட்கார்ந்துவிட்டாள். கூட்டம் ஓவென்றது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் ஆட்டம். முதல் செட் எங்களுக்கு. இரண்டாவது அவர்களுக்கு. மூன்றாவதில் இரண்டு பக்கமும் முட்டிக்கொண்டு நின்றோம். நடுவில் சபிதா கோட்டை மிதித்தாள் என்று டீச்சர் எங்கள் பக்கம் கையை நீட்டினார். அதுவரை டீச்சரம்மா டீச்சரம்மா என்று தலையாட்டிக்கொண்டிருந்த சபிதா வலையைக் குனிந்து கடந்து வந்துவிட்டாள். மூக்கோடு மூக்கு நின்று, கால் கோட்டில் இல்லை, நீ சரியாகப் பார்க்கவில்லை, பாயின்ட் என்னுடையது என்று பாதித் தமிழிலும் பாதி ஒடியாவிலும் கத்தினாள். மேடையில் இருந்தவர்களுக்கு வியர்த்துவிட்டது. டீச்சர் கையை இறக்கவே இல்லை. ஆனால் அந்த முகத்தை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். அத்தனை வருஷத்தில் அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

கடைசிப் பந்து. சுமதி மூலையைப் பார்த்து அடித்தாள். சபிதா விழுந்து பிடித்தாள், எழுந்திருக்கும்போதே திருப்பி எறிந்தாள். எனக்கும் சுமதிக்கும் சரியாக நடுவில் வந்தது. உன்னுது என்று நான் சொல்ல, உன்னுது என்று அவள் சொல்ல, பந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்தபடி தரையில் விழுந்தது.

தோற்றோம். எந்தத் தள்ளுபடியும் இல்லாமல், நிஜமாகவே தோற்றோம். தலைவர் எழுதி வைத்திருந்ததையே படித்தார், அன்போடு வந்த விருந்தினருக்கு அன்போடு கோப்பை என்று. போட்டோக்காரர் சுமதியைச் சிரிக்கச் சொன்னார். அவள் அவரை முறைத்த முறைப்பில் அவர் கேமராவை இறக்கிவிட்டார். சபிதாவும் மற்றவர்களும் கோப்பையோடு கேட்டுக்கு அந்தப் பக்கம் போனார்கள். வீட்டுக்குப் போகவில்லை. கம்பிக்கு வெளியே நின்றுகொண்டார்கள்.

விளக்கைப் போட்டு, அதே மைதானத்தில் நாற்காலிகளைத் திருப்பிப் போட்டுப் பொதுக்குழு தொடங்கியது. பின்கேட்டைப் பூட்டும் தீர்மானத்தைத் தலைவர் வாசித்தார். பாதுகாப்பு என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது. பல தலைகள் ஆடின. டீச்சர் கடைசி வரிசையில் என் பக்கத்தில் ஷூவின் தூசியைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இத்தனை பேசிவிட்டு இப்போது சும்மா இருக்கிறீர்களே, எழுந்து நாலு வார்த்தை கேளுங்கள் என்று தொடையில் இடித்தேன்.

"நான் ரெஃப்ரிம்மா. ஆடறது நீங்கோ" என்றார்.

நான் எழுந்திருப்பதற்குள் முன்வரிசையில் சுமதி எழுந்துவிட்டாள். கொண்டை இன்னும் அப்படியே இருந்தது. முழங்காலில் மண்.

"தோத்தவங்க கேட்டா மறு ஆட்டம் உண்டுதானே டீச்சர்?" என்றாள், திரும்பிப் பார்க்காமலே.

கடைசி வரிசையிலிருந்து, "உண்டு" என்று குரல் வந்தது.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். அதற்கும் இந்தத் தீர்மானத்துக்கும் என்ன சம்பந்தம், அந்தப் பெண்களை அடுத்த வருஷ விழாவில் கூப்பிட்டு ஆடிக்கொள்ளலாமே என்று மனைவியிடம் பேசுகிற குரலில் சொன்னார். மைக் ஆனில் இருந்ததை மறந்துவிட்டார்.

"வருஷம் பூரா நான் தோத்தவளாவே நிக்கணுமா?" என்றாள் சுமதி. "கேட்டைப் பூட்டிட்டா நான் யாரைத் தோக்கடிக்கறது? உங்களையா?"

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு மைதானமே சிரித்தது. நான் எழுந்து நின்றேன். எங்கள் அணியில் மற்றவர்களும் அங்கங்கே எழுந்து நின்றார்கள். பூட்டவேண்டும் என்று போன கூட்டத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் இரண்டு பேர் அதில் உண்டு. அவர்கள் சமத்துவம் பேசி எழுந்திருக்கவில்லை, தோற்ற ஆத்திரத்தில் எழுந்தார்கள். அதனால் என்ன. கைதூக்கச் சொன்னபோது தீர்மானம் விழுந்தது. அந்தக் கேட்டுக்கு இன்றுவரை பூட்டு இல்லை. மாடு நுழையாமல் இருக்க ஒரு கொக்கி மட்டும்தான். அதற்குப் பிறகு வந்த சங்கத்தார் ஒவ்வொருவரும் பூட்டைப் பற்றி ஆரம்பித்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு பக்கம் தோற்றுப்போய் மறு ஆட்டத்துக்குக் காத்திருந்தது. டீச்சர் மவுத்தான வாரம்கூடத் தோற்றிருந்தது நாங்கள்தான். பூந்தமல்லியில் அவருடைய கூட்டுக் குடும்பத்து வீட்டு வாசலில், அடக்கத்துக்கு எடுத்தபோது, சபிதாவும் சுமதியும் பக்கத்தில் பக்கத்தில் நின்று அழுதார்கள். ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் அதே இரண்டு பேரும் பழைய பாயின்ட் ஒன்றுக்காகச் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள்.

அன்றைக்குத் தீர்மானம் விழுந்ததும் எல்லோரும் கலைந்தோம். நாற்காலி மடக்கும் சத்தத்துக்கு மேல் கம்பிக்கு வெளியிலிருந்து சபிதாவின் குரல் கேட்டது.

"சுமதி அக்கா, நாளைக்கு ஆறு மணி. லேட்டா வந்தா பாயின்ட் எங்களுக்கு."

நான் திரும்பிப் பார்த்தேன். கடைசி வரிசையில் உட்கார்ந்தபடியே டீச்சர் கையை நீட்டியிருந்தார், கேட் பக்கமாக.